பொறுத்தலும் மன்றாடுதலும்



இந்த ஆண்டு நினைவுப் பேருரைக்கு என்ன தலைப்பு என்று அமைப்பிலிருந்து ஓர் இளைய தோழர் தொலைபேசியில் கேட்டார். கிறித்தவ வாழ்வில் பொறுமை, செபம், இவற்றிலிருந்து கிடைக்கும் வலிமை பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன் என்றேன். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்துவிட்டார். "ஐயா, பொறுமையை விடுங்கன்னு சொல்லித்தானே நாங்க ஊர் ஊரா கூட்டம் போடுறோம். நீங்க வந்து பொறுமையா இருங்கன்னு சொன்னா எப்படி?" என்றார். அவர் இங்கே முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்று நான் பேசுவதெல்லாம் அவருக்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய சந்தேகம் நியாயமானது. முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "பொறுமையாயிரு" என்ற சொல் நம் காதில் யார் வாயிலிருந்து விழுந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கூலி கேட்டால் பொறுமை. கோவிலுக்குள் சரிசமமாக உட்கார இடம் கேட்டால் பொறுமை. கல்லறையில் நடுச்சுவரை எடுக்கச் சொன்னால் பொறுமை, செபியுங்கள், ஆண்டவர் மனங்களை மாற்றுவார். பாபாசாகேப் அம்பேத்கர் கிறித்தவத்துக்கு மாறிய தீண்டப்படாதோர் நிலை பற்றி எழுதிய கட்டுரைகள் பின்னாளில் அவருடைய எழுத்துத் தொகுதிகளில் வெளிவந்தன. அவற்றில் ஒரு கடுமையான குற்றச்சாட்டு இருக்கிறது. மனிதன் விழுந்து கிடப்பதற்கு அவனுடைய பாவமே காரணம் என்று திருச்சபை போதிக்கிறது. அவனைச் சுற்றியிருக்கும் சமூக அமைப்பைப் பற்றி அது பேசுவதில்லை. ஆகவே மதம் மாறியவன் தன் அநீதிக்கு எதிராகக் கிளர்ந்தெழ மறந்துவிடுகிறான் என்கிறார். கிறித்தவனாகப் பிறந்து வளர்ந்த நான் அதைப் படித்தபோது கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது கோபம் அவர்மேல் இல்லை என்று தெரிந்தது.

ஆனாலும் இந்தத் தலைப்பை நான் விடவில்லை. ஒரு நல்ல சொல்லை ஆதிக்கக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்பதற்காக, சொல்லையே அவனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வர எனக்கு மனமில்லை.

முதலில் தமிழைப் பார்ப்போம். பொறுமைக்கு வேர் 'பொறு'. பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். பொறுப்பு என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சுமை தூக்கிப் பழகியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தலையில் நெல்மூட்டையோடு வரப்பில் நடக்கிறவன் பொறுத்துக்கொண்டு நடக்கிறான், அதாவது தாங்கிக்கொண்டு நடக்கிறான். அவன் சும்மா இல்லை, போய்க்கொண்டிருக்கிறான். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே பொறுமைக்கு அடிக்கடி வரும் சொல் 'ஹுப்போமொனே'. கீழே நின்றபடி நிலைத்திருத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். பாரத்தின் அடியில் நின்றும் இடம்விட்டு நகராமல் இருப்பது. அடங்கிப் போவது என்ற பொருள் அதில் எங்கேயும் இல்லை.

செபத்துக்குத் தமிழ்க் கிறித்தவர்கள் வைத்திருக்கும் சொற்கள் இன்னும் சுவையானவை. ஒன்று விண்ணப்பம். தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு எழுதுவதும் விண்ணப்பம், கடவுளிடம் கேட்பதும் விண்ணப்பம். இன்னொன்று மன்றாட்டு. மன்று என்பது ஊர் கூடி வழக்குக் கேட்கும் இடம். மன்றில் நின்று வழக்காடுவதுதான் மன்றாடுவது. கெஞ்சுவது என்ற பொருளும் அதற்கு உண்டு, ஆனால் வழக்கின் நிழல் அதைவிட்டுப் போகவில்லை. எந்த மன்றில் நம் பாட்டன் செருப்போடு நிற்க முடியாதோ, அந்த மன்றின் பெயரைத்தான் அவன் தன் செபத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறான். இதைத் தற்செயல் என்று மொழியியல் படித்தவர்கள் சொல்லலாம். சொல்லட்டும்.

இனி விவிலியத்துக்குள் போவோம். பொறுமை பற்றிப் பிரசங்கம் வைக்கிறவர்கள் அதிகம் எடுக்கும் இடங்களில் ஒன்று யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம். உழவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருப்பதைப்போல நீங்களும் பொறுமையாயிருங்கள் என்று ஏழாம் வசனம் தொடங்குகிறது. நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை அந்த ஏழில்தான் ஆரம்பித்தன. ஒன்றிலிருந்து ஆறு வரை என்ன இருக்கிறது என்று இன்று இரவு வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பாருங்கள். பணக்காரர்களைப் பார்த்து, அழுங்கள், அலறுங்கள் என்கிறார் யாக்கோபு. வயலில் அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களின் சத்தம் கடவுளின் காதுக்கு எட்டிவிட்டது என்கிறார். அதற்குப் பிறகுதான் 'ஆகவே' வருகிறது, பொறுமை வருகிறது. கூலி வழக்கு கடவுளிடம் பதிவாகிவிட்டது, ஆகவே தளராமல் நில்லுங்கள் என்பதுதான் அங்கே பேச்சு. முதல் ஆறு வசனங்களை வெட்டிவிட்டால் அறிவுரை யாருக்கு வசதியாகப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

கீழ்வெண்மணியை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு. கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்கள் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டன. 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973இல் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. செத்தவர்கள் கிறித்தவர்கள் அல்ல. அவர்கள் கையில் இருந்தது செங்கொடி. ஆனால் அது கிறிஸ்து பிறப்பு நாள். அன்று தமிழகத்துக் கோவில்களில் எல்லாம் தொழுவமும் வைக்கோலும் வைத்துக் குழந்தையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். யாக்கோபு சொன்ன அறுவடைக்காரர்களின் கூக்குரல் அன்றிரவு எழுந்தது கோவிலுக்கு வெளியே. நம் செபம் அதைக் கேட்காமல் நடந்தால் அதற்குச் செபம் என்று பெயர் வைப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

சரி, காத்திருத்தலுக்கு வருகிறேன். மாணவர்களுக்காக ஒருவரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குமரி மாவட்டத்து மயிலாடி அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே சாம்பவர் சமூகத்தில் பிறந்தவர் மகாராசன். ஆன்மத் தேட்டம் உள்ளவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். அங்கே தேடியது கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறித்தவர்களைச் சந்தித்தார், நற்செய்தியைக் கேட்டார், திருமுழுக்குப் பெற்றார், வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். உறவினரைக் கூட்டி, தெரிந்ததைச் சொல்லி, செபக்கூட்டம் நடத்தத் தொடங்கினார். போதகர் கிடையாது, கோவில் கிடையாது, அரசின் அனுமதி கிடையாது. பக்கத்து நிலக்காரர்களிடமிருந்து தொல்லை மட்டும் இருந்தது. எங்களுக்கு ஒரு போதகரை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரிங்கல்தொபே என்ற ஜெர்மானிய மிஷனரி மயிலாடிக்கு வந்து சேர்ந்தது 1806இல். 1809இல் அங்கே கோவில் எழும்பியது. 1816இல் ரிங்கல்தொபே உடல்நலம் கெட்டு ஊரைவிட்டுப் போனபோது சபைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்துவிட்டுப் போனார். அடுத்த மிஷனரி வரும்வரை அந்தச் சபைகள் அவர் தோளில்தான் நின்றன.

சபை வரலாறுகளில் தென் திருவிதாங்கூரின் அப்போஸ்தலர் என்று ரிங்கல்தொபேயின் பெயர்தான் பெரிதாக இருக்கும். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. கையில் காசு தங்காத, கந்தலோடு திரிந்த விசித்திரமான நல்ல மனிதர். ஆனால் அவர் வருவதற்கு முன்பே அங்கே ஒரு சபை காத்துக்கொண்டிருந்தது. காத்திருந்தவன் ஒரு தலித். மிஷனரிகள் வந்து பறையர்களைக் கூட்டிப்போனார்கள் என்று நமக்குச் சொல்லப்பட்ட கதையை மயிலாடி தலைகீழாகத் திருப்பிவிடுகிறது. போய்த் தேடியவனும் அவன்தான், வரவழைத்தவனும் அவன்தான்.

காத்திரு என்ற சொல்லையும் பிரித்துப் பாருங்கள். காத்து, இரு. காவல் காத்துக்கொண்டு இரு. திருப்பாடல் ஒன்றில் விடியலுக்காகக் காத்திருக்கும் இரவுக் காவலர்களைவிட அதிகமாக என் நெஞ்சம் ஆண்டவருக்காகக் காத்திருக்கிறது என்ற பொருளில் ஒரு பேச்சு வரும். மெத்தையில் படுத்து அதைப் படிப்பவனுக்கு அது உவமை. தலையாரியாகவும் வெட்டியானாகவும் ஊர்க்களத்திலும் ஏரிக்கரையிலும் இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது குடும்ப வரலாறு. காவல்காரன் தூங்கினால் அது காத்திருப்பு ஆகாது.

இப்போது லூக்கா பதினெட்டாம் அதிகாரத்துக்கு வருகிறேன். தளராமல் எப்போதும் செபிக்க வேண்டும் என்பதற்காக இயேசு சொன்ன கதை. ஒரு நகரத்தில் ஒரு நீதிபதி. கடவுளுக்கும் அஞ்சமாட்டான், மனிதரையும் மதிக்கமாட்டான். அதே நகரத்தில் ஒரு கைம்பெண். என் எதிராளியிடமிருந்து எனக்கு நீதி வாங்கிக்கொடு என்று அவனிடம் வந்துகொண்டே இருக்கிறாள். அவன் அசையவில்லை. கடைசியில், இவள் ஓயாமல் வந்து என் உயிரை வாங்குகிறாள், நீதி வழங்கித் தொலைப்போம் என்று இறங்குகிறான். கவனியுங்கள். செபத்துக்கு உதாரணம் சொல்ல வந்த இயேசு, மலையில் கண்மூடி அமர்ந்த ஞானியைக் காட்டவில்லை. நீதிமன்ற வாசலில் மனுவோடு நிற்கும் ஓர் ஏழைப் பெண்ணைக் காட்டுகிறார். அந்த நீதிபதி தன் எரிச்சலைச் சொல்லும் இடத்தில் மூலமொழியில் இருப்பது குத்துச்சண்டைச் சொல்: கண்ணுக்குக் கீழே குத்துவது என்று பொருள். மொழிபெயர்ப்புகளில் அது 'தொல்லை' என்று சாதுவாகிவிட்டது. திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளுக்குப் பட்டா மனுவோடு போய் வரிசையில் நின்றவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். லூக்காவின் கைம்பெண் அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிறாள்.

அந்த வரிசையில் இன்னொருவரும் நிற்கிறார். சென்னை எழும்பூரில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை. பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம் அவர் கிறித்தவர். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டது. கிறித்தவர்களையும் இசுலாமியர்களையும் சேர்க்கவில்லை. சூசை உச்சநீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை கிறித்தவச் சூழலில் தொடர்கிறது என்று காட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

ஆதாரம் இல்லையாம். எந்தக் கிராமத்துக் கோவில் வாசலுக்காவது வந்து நின்றிருக்கலாம். சூசை சார்பில் வந்து சாட்சி சொல்லியிருக்க வேண்டிய ஆயர்களும் அன்று கொஞ்சம் வெட்கப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஆதாரம் அவர்கள் வீட்டுக்குள்தான் இருந்தது. 2004 முதல் இன்னொரு வழக்கு உச்சநீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடியும் ஓர் ஆணையம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக நாம் கடைப்பிடிப்பது, அந்த ஆணை கையெழுத்தான நாள் அது என்பதால்தான்.

இத்தனை ஆண்டு ஒரே மனுவை ஏந்திக்கொண்டு நிற்பதற்கு எங்கிருந்து தெம்பு வருகிறது? கோபம் மட்டும் போதாது என்பது என் அனுபவம். கோபம் ஒரு தேர்தல் வரை வரும், ஒரு கலவரம் வரை வரும். அதற்குப் பிறகு குடும்பம், கடன், உடம்பு என்று ஆள் கரைந்துபோகிறான். இயக்கத்தில் என்னோடு தொடங்கிய பலர் இப்போது எங்கே என்று நான் கேட்பதில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் இல்லை. நான் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

அமெரிக்கக் கறுப்பினக் கிறித்தவர்களிடம் இதைக் காணலாம். மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு 1955 டிசம்பர் 5இல் தொடங்கி 381 நாள் நடந்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நடந்தே போனார்கள். இரவுக் கூட்டங்கள் எல்லாம் கோவில்களில்தான். பாட்டு, செபம், பிறகு நாளை யார் காரில் யாரை ஏற்றுவது என்ற ஏற்பாடு. தலைமையேற்ற மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது 26, 27 வயது. 1956 ஜனவரியில் ஒருநாள் நள்ளிரவு கொலைமிரட்டல் தொலைபேசி வந்தது. தூக்கம் போய்விட்டது. சமையலறையில் காப்பி போட்டு வைத்துக்கொண்டு, இதிலிருந்து எப்படிக் கௌரவமாக விலகுவது என்று யோசித்துக்கொண்டிருந்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். எனக்குத் தெம்பு இல்லை, பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் செபித்தார். பயம் விலகியது என்கிறார். சில நாளில் வீட்டில் குண்டு வீசினார்கள். அவர் விலகவில்லை. இதே மனிதரிடம் 1963இல் வெள்ளைப் போதகர்கள் பொறுமை காக்கச் சொன்னபோது பர்மிங்காம் சிறையிலிருந்து அவர் எழுதிய பதில் உலகப் புகழ்பெற்றது. முடியாது என்பதுதான் அதன் சாரம். சமையலறையில் காத்திருக்கக் கற்றவன்தான் சிறையில் காத்திருக்க மறுக்கிறான். எனக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. கடவுளிடம் காத்திருப்பது வேறு, கவர்னரிடம் காத்திருப்பது வேறு.

நம் பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் என்ற பேச்சு தொடங்கியது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற தியாபிலஸ் அப்பாவு செபத்தையே நாட்டுப்புற மெட்டுக்குக் கொண்டுவந்தார். கர்நாடக ராகத்திலும் மேலைநாட்டுக் கீதத்திலும் மட்டுமே கடவுளுக்குக் காது கேட்கும் என்றிருந்த இடத்தில் பறையை வைத்தார். பாமாவின் கருக்கு 1992இல் வந்தது. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய ஒரு பெண்ணின் நூல் அது. அதைச் செபத்தை விட்டவளின் கதை என்று படிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை.

இனி ஊர்க்கதை. பெயர் சொல்லமாட்டேன்.

எங்கள் ஊரில் பங்குத் திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்குள் வராது. முனையில் திரும்பிவிடும். காரணம் கேட்டால் தெரு குறுகல் என்பார்கள். அதே தெருவில் கரும்பு டிராக்டர் போகும். ஞாயிறு பூசையில் நம்பிக்கையாளர் மன்றாட்டு என்று ஒரு பகுதி உண்டு. திருத்தந்தைக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக, மழைக்காக என்று அச்சடித்த தாளைப் பார்த்து நான்கைந்து பேர் வாசிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் சபை ஒரே பதிலைச் சொல்லும். ஒரு ஞாயிறு வாசிக்கப் போன எங்கள் தெருப் பெண் ஒருத்தி தாளை மடித்து வைத்துவிட்டுச் சொந்தமாக ஒன்றைச் சொன்னாள். "இந்த வருசம் தேர் எங்க தெருவுக்குள்ள வரணும்னு ஆண்டவரை மன்றாடுறோம்." அவ்வளவுதான்.

கோவிலில் பாதிப் பேர் வழக்கமான பதிலைச் சொன்னார்கள். மீதிப் பாதி வாயைத் திறக்கவில்லை. அன்றுவரை ஒரே குரலாக வந்துகொண்டிருந்த பதில் முதல்முறையாக இரண்டாகப் பிளந்து எல்லோர் காதிலும் விழுந்தது. நூறு ஆண்டாக உட்காரும் வரிசையில் இருந்த பிளவுதான் அது. அன்றுதான் அதற்குச் சத்தம் வந்தது.

அடுத்த வாரம் அவளுக்கு வாய்ப்பு தரவில்லை. அதற்கடுத்த வாரம் வேறொருத்தி அதையே சொன்னாள். பிறகு, தாளில் இருப்பதை மட்டுமே வாசிக்க வேண்டும் என்று விதி வந்தது. தாளில் வாசித்து முடித்தபின் பெஞ்சில் இருந்தே ஒருத்தி எழுந்து சொன்னாள். இரண்டு ஆண்டுக்கு மேல் இது நடந்தது. யாரும் கோவிலைப் புறக்கணிக்கவில்லை, யாரும் நற்கருணை வாங்காமல் இருக்கவில்லை, ஒரு கல்லும் விழவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தைக்கு வியர்த்தது. பேச்சுவார்த்தை நடந்தது. தேர் இப்போது தெருவுக்குள் கொஞ்ச தூரம் வருகிறது, பொதுக்குழாய் வரை. அதற்கு மேல் இல்லை. பெண்கள் இன்னும் எழுந்து நின்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தப் பெண்களுக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு. எந்தப் பயிற்சி முகாமுக்கும் அவர்கள் போனதில்லை. என் ஆயாவை நினைத்துக்கொண்டேன். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பாயில் உட்கார்ந்தபடியே செபமாலை சொல்லுவாள். அது முடிந்ததும் தன் பேச்சைத் தொடங்குவாள். "ஏசப்பா, நேத்து களத்துல மரக்காலைத் தட்டி அளந்தான், பாத்துக்கிட்டுத்தானே இருந்த?" என்று ஆரம்பிக்கும். யார், எந்த வயல், எத்தனை மரக்கால் குறைந்தது என்று பெயரோடு கணக்கோடு போகும். மருமகள் மேல் புகாரும் நடுவில் வரும். பகலில் எந்த ஆண்டையின் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வராதோ அவன் பெயரை நாலு மணி இருட்டில் கடவுள் முன்னால் அட்சரம் பிசகாமல் சொல்லுவாள். போர்வைக்குள் கிடந்து கேட்ட எனக்கு அது புலம்பல் என்று தோன்றியதுண்டு. இப்போது அது வாக்குமூலம் என்று தெரிகிறது. தினமும் காலையில் மன்றில் நின்று வழக்குரைத்துப் பழகிய நாக்கு அது. செபக்கூட்டத்தில் முறைவைத்துச் சொந்த வார்த்தையில் செபிக்கக் கற்ற நம் பெண்கள், நாலு பேர் நடுவில் குரலெடுத்துப் பேச முதலில் கற்ற இடமும் அதுதான்.

அரங்கத் தோழருக்கு இதுதான் என் பதில். பொறுமையாக இருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பொறுத்துக்கொண்டு நின்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்துச் சொல்ல வந்தேன்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன், இலக்கிய அமைப்பு என்பதால் கேட்கிறேன். நம் ஒப்பாரியைத் தொகுத்துவிட்டார்கள், தாலாட்டைத் தொகுத்துவிட்டார்கள், நடவுப் பாட்டும் விடுகதையும் நூலாகிவிட்டன. நம் கிழவிகளின் செபங்களை யாரும் தொகுத்த மாதிரி தெரியவில்லை. அச்சடித்த செபம் அல்ல, நான் சொல்லும் இந்த நாலு மணிச் செபம். அதில் கூலிக் கணக்கு இருக்கிறது, நிலம் பறிபோன கதை இருக்கிறது, யார் யாரை அடித்தார்கள் என்ற பதிவு இருக்கிறது. அவர்களிடம் அனுமதி கேளுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், அவசரப்படாமல் கேளுங்கள். பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டைகளின் பேரன்கள் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். கைப்பேசியில் பதிவு செய்ய ஒரு காலை போதும். என் ஆயாவினுடையது போய்விட்டது. எனக்கு நினைவிருப்பது இரண்டு மூன்று வரிதான்.